விட்டுப்போன டோஸ், திரும்பும் நாள்

போதை சிகிச்சை மருந்து விட்டுப்போனவர்கள் முதலில் கேட்பது, "நேத்துப் போடாததையும் சேர்த்து இன்னிக்கு ரெண்டாப் போட்டுக்கலாமா?" என்றுதான். கூடாது. புப்ரெனார்ஃபின், மெத்தடோன், நால்ட்ரெக்ஸோன் எதுவானாலும் விட்ட டோஸ் விட்டதுதான். அதை மறுநாள் கணக்கில் ஏற்றக் கூடாது. இந்த அத்தியாயத்தை இதோடு மூடிவைக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொண்டு போகட்டும்.

விட்ட மருந்தை எப்படித் திரும்பத் தொடங்குவது என்பது இரண்டு கேள்விகளின் பதிலைப் பொறுத்தது. எத்தனை நாள் விட்டது? அந்த நாள்களில் வேறென்ன உள்ளே போனது? முதல் கேள்விக்கு எல்லோரும் ஓரளவு சரியாகவே பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் தயக்கம், மழுப்பல், பொய் எல்லாம் வருகின்றன. ஆபத்தும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஹெராயின் பழக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்களுக்கும், வலி மாத்திரையில் சிக்கி வந்தவர்களுக்கும் இந்த அத்தியாயம் ஒன்றுபோலப் பொருந்தும். தமிழ்நாட்டில் இப்போது இரண்டாவது வகையினர் அதிகம் கண்ணில் படுகிறார்கள். டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள், "நாங்க பவுடர் அடிக்கல, இது மெடிக்கல் ஷாப் மாத்திரைதானே" என்று தங்களை வேறாக நினைத்துக்கொள்வார்கள். மூளையில் அது போய் உட்காரும் இடம் ஹெராயின் உட்காரும் அதே இடம்தான். சிகிச்சையும் ஒன்றுதான், மருந்து விட்டுப்போனால் வரும் சிக்கலும் ஒன்றுதான்.

நாலு நாளில் மாறிப்போகும் உடம்பு

ஹெராயின், டேபென்டடால் போன்ற ஓபியாய்டு தினமும் உள்ளே போகும்போது உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. புதிதாக ஒருவர் எடுத்தால் மூச்சே நின்றுவிடக்கூடிய அளவை, பழகியவர் எடுத்துக்கொண்டு டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருப்பார். இதைத் தாங்குதிறன் என்கிறோம். அது ஏறுவதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். இறங்குவதற்குச் சில நாள்கள் போதும். மூன்று நாலு நாள் எதுவும் எடுக்காமல் இருந்தாலே குறையத் தொடங்கிவிடும். ஆனால் மனசு பழைய அளவைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

சிகிச்சையில் இருப்பவர்கள் இறப்பது குறைவு, விட்டவர்கள் இறப்பது அதிகம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை ஒன்று, மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு சுமார் 11 பேரும், அதை விட்டிருந்த காலத்தில் சுமார் 36 பேரும் இறந்ததாகக் கணக்கிட்டது. புப்ரெனார்ஃபினில் அதே கணக்கு 4.3, 9.5 என்று வந்தது. சிகிச்சையை விட்ட முதல் நாலு வாரம்தான் மிக மோசம் என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வந்தவர்களைப் பற்றி 2007ல் வெளிவந்த ஆய்வில், வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அளவு மீறிய போதையால் இறக்கும் அபாயம் அந்த மாநிலத்தின் மற்ற மக்களோடு ஒப்பிட 129 மடங்கு இருந்தது. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு மாறிவிட்டிருக்கிறது. வெளியே வந்தவர் எடுத்தது பழைய அளவு.

ஆகவே மருந்தை விட்ட நாள்களில் ஒருவர் சும்மா இருந்தாலும் ஆபத்து அவருக்கு முன்னால் நிற்கிறது. திரும்பத் தொடங்குவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

புப்ரெனார்ஃபின் எடுப்பவர்கள்

இந்தியாவில் பெரும்பாலோர் எடுப்பது இதுதான். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஓ.எஸ்.டி. (ஓபியாய்டு மாற்று சிகிச்சை) மையங்களில் செவிலியர் கண்முன்னே நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட்டு எழுந்து வருவார்கள். மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் போதை சிகிச்சைப் பிரிவிலும் நலாக்ஸோன் கலந்த மாத்திரை தருவதும் உண்டு. கண்முன்னே கரைக்கச் சொல்வது அவமானமாக இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1990களில் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் புப்ரெனார்ஃபின் ஊசிமருந்தே போதைப்பொருளாகப் புழங்கியது. அந்த அனுபவத்தின் நிழல் இன்னும் கவுன்ட்டரில் விழுந்துகொண்டிருக்கிறது.

இந்த மருந்து உடம்பில் நீண்ட நேரம் தங்கும். அதன் அளவு பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். இது நல்ல குணம். ஏமாற்றும் குணமும் இதுதான். ஒரு நாள் விட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. "ஒண்ணும் ஆகலையே, இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று தோன்றும். இரண்டாம் நாள் மாலை கொட்டாவி, மூக்கில் நீர், கால் குடைச்சல், தூக்கமின்மை. மூன்றாம் நாள் பழைய நண்பரின் எண் மனசுக்குள் ஓடத் தொடங்கும். மருந்தின் தடுப்பும் அதற்குள் தளர்ந்திருக்கும் என்பதால், அன்று எடுத்தால் போதை நன்றாகவே ஏறும். மருந்து இருந்தவரை ஏறாத போதை இப்போது ஏறுகிறதே என்ற மகிழ்ச்சியில் அளவு தவறுவது இந்த நாள்களில்தான்.

இடையில் வேறெதையும் எடுக்கவில்லை என்றால் திரும்புவது சுலபம். ஒன்றிரண்டு நாள் விட்டிருந்தால் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவைத் தருவார்கள். ஐந்து நாள் வரைகூடப் பல மருத்துவ வழிகாட்டுதல்கள் பழைய அளவையே தொடரச் சொல்கின்றன. அதற்கு மேல் போனால் பழைய அளவில் நேராகத் தொடங்காமல், குறைந்த அளவில் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் ஏற்றிவிடுவார்கள். புப்ரெனார்ஃபினில் ஏற்றம் வேகமாக நடக்கும், மெத்தடோன்போல வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. "மறுபடி முதல்ல இருந்தா?" என்று மலைக்கத் தேவையில்லை.

இடையில் ஹெராயினோ டேபென்டடாலோ எடுத்திருந்தால் கதை வேறு. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புப்ரெனார்ஃபினுக்கு மூளையின் ஓபியாய்டு இருக்கைகள் மேல் பிடிப்பு அதிகம். வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், பேருந்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவர் உரிமையோடு வந்து எழுப்புவதுபோல. ஆனால் அது தரும் விளைவு அரைகுறைதான். ஹெராயின் முழுசாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இந்த மாத்திரையை வைத்தால், இருந்ததைத் தள்ளிவிட்டு, அதற்கு ஈடானதைக் கொடுக்காது. விளைவு, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் உடம்பு முறுக்கிக்கொண்டு வாந்தி, பேதி, வியர்வை, நடுக்கம் எல்லாம் ஒரேயடியாக வரும். சாதாரணமாக ஒன்றரை நாளில் மெல்ல ஏறும் வேதனை ஒரு மணி நேரத்தில் வந்தால் எப்படி இருக்கும்? அனுபவித்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று சிகிச்சையையே விட்டுவிடுவார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் இல்லை. நேரம்தான் தவறியது.

அதைத் தவிர்க்க ஒரே வழி, போதை இறங்கி உடம்பு கேட்கத் தொடங்கும்வரை காத்திருப்பது. ஹெராயின், டேபென்டடால் போன்றவற்றுக்குக் கடைசியாக எடுத்ததிலிருந்து குறைந்தது 12 மணி நேரம். மெத்தடோன் எடுத்திருந்தால் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். மணிக்கணக்கைவிட முக்கியம் உடம்பு காட்டும் அடையாளங்கள். கண்மணி விரிந்திருக்கும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும், கொட்டாவி அடுக்கடுக்காக வரும், தோல் புல்லரித்து நிற்கும், ஒரு இடத்தில் உட்கார முடியாது. கவ்ஸ் என்றொரு அளவுகோலை வைத்து இப்படிப் பதினொரு அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடுவார்கள். 5 முதல் 12 வரை லேசானது, 13 முதல் 24 வரை நடுத்தரம். லேசான கட்டத்தின் மேல் பாதியையாவது தொட்ட பிறகே பெரும்பாலான மருத்துவர்கள் முதல் மாத்திரையைத் தருவார்கள். அதுவும் 2 அல்லது 4 மில்லிகிராம்தான். ஒன்றிரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அடுத்தது.

நேற்று வரை ஒழுங்காக மருந்து எடுத்து, ஒரே ஒரு முறை சறுக்கியவருக்கு இவ்வளவு காத்திருப்பு தேவைப்படாமல் போகலாம். இருக்கைகளில் ஏற்கெனவே புப்ரெனார்ஃபின் உட்கார்ந்திருப்பதால் தள்ளுவதற்கு அதிகம் இல்லை. ஆனால் அதை முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர். அவர் சரியாக முடிவு செய்ய உங்கள் வாயிலிருந்து உண்மை வரவேண்டும்.

முன்னெச்சரிக்கையை மீறி அந்த முறுக்கு வந்துவிட்டால் மையத்தை விட்டு ஓடாதீர்கள். உயிர் போவதுபோல இருக்கும், ஆனால் அதனால் உயிர் போவது அரிது. அங்கேயே இருந்தால் வாந்திக்கும் வலிக்கும் மருந்து தருவார்கள். பல நேரம் இன்னும் கொஞ்சம் புப்ரெனார்ஃபின் கொடுத்தே சரிசெய்வார்கள். வெளியே ஓடிப்போய்த் தடுப்பை மீறும் அளவுக்கு ஹெராயின் ஏற்றிக்கொள்வதுதான் உண்மையில் கொல்லும்.

மாத்திரையை விழுங்கிவிட்டால் பலன் மிகக் குறைவு. வயிற்றின் வழியாகப் போனால் ஈரல் பெரும்பகுதியை அழித்துவிடும். ஐந்து முதல் பத்து நிமிடம் பேசாமல், எச்சில் விழுங்காமல் இருக்க வேண்டும். முழுதும் கரைந்த பிறகு வாந்தி வந்தால் டோஸ் வீணாகாது, இன்னொன்று கேட்கத் தேவையில்லை. கரைந்ததும் தண்ணீரால் வாயை அலசிக்கொள்ளுங்கள். பல் துலக்குவதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். இந்த மருந்தை வாயில் கரைப்பவர்களுக்குப் பல் சொத்தையாவது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2022ல் எச்சரித்திருக்கிறது.

மாதம் ஒரு முறை போடும் புப்ரெனார்ஃபின் ஊசி சில நாடுகளில் இருக்கிறது. வெளிநாட்டில் அந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஒரு வாரம் தாமதமானால் பதற வேண்டாம். இரண்டு வாரம் வரையிலான எப்போதாவது நேரும் தாமதம் பெரிய பாதிப்பைத் தராது. ஆனாலும் நினைவு வந்த நாளே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெத்தடோன் எடுப்பவர்கள்

இந்தியாவில் மெத்தடோன் சில மையங்களில் மட்டுமே கிடைக்கிறது. மலேசியாவில் 2005 முதல் அரசுத் திட்டமாகவே நடக்கிறது. அங்கே சிகிச்சையில் இருக்கும் தமிழர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பகுதி அதிகம் உதவும்.

மெத்தடோன் அரைகுறையாக உட்காரும் மருந்து அல்ல, முழு ஓபியாய்டு. ஆகவே புப்ரெனார்ஃபினில் இருக்கும், ஓர் எல்லைக்கு மேல் விளைவை ஏறவிடாத பாதுகாப்புக் கூரை இதில் கிடையாது. தினம் 80 மில்லிகிராம் குடித்துவிட்டு வேலைக்குப் போய்வந்தவருக்கு, ஐந்தாறு நாள் விட்ட பிறகு அதே 80 மரண அளவாகலாம். உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு ஒரு தெளிவான படிக்கட்டு போட்டிருக்கிறது. ஒன்றிரண்டு டோஸ் விட்டிருந்தால் பழைய அளவு. மூன்று நாலு விட்டிருந்தால் பாதி, அது தாங்குகிறது என்று தெரிந்த பின் பழைய அளவுக்கு. நாலுக்கு மேல் என்றால் புதிதாக வந்தவர்போல அடியிலிருந்து. புதிதாக என்றால் முதல் டோஸ் 30 மில்லிகிராமுக்கு மேல் போகாது. நாட்டுக்கு நாடு, மையத்துக்கு மையம் இந்தக் கணக்கு ஒரு நாள் முன்பின் மாறும். தத்துவம் மாறாது.

பாதியாகக் குறைத்தால் நோயாளிக்குக் கோபம் வருவது இயல்பு. "எண்பது போட்டவனுக்கு நாப்பது குடுத்தா எப்படி?" என்று கேட்பார். மெத்தடோன் குடித்து இரண்டு முதல் நாலு மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். அதோடு நில்லாமல் நாளுக்கு நாள் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். இன்றைய டோஸ் தீர்வதற்குள் நாளையது மேலே விழுகிறது. சேர்க்கை நிலைபெற ஏறக்குறைய ஐந்து நாள். அதனால்தான் திரும்பத் தொடங்கியவர் முதல் நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாலாம் நாள் தூங்கி வழிவார். முதல் நாள் "பத்தல" என்று வெளியே போய் ஏதாவது சேர்த்துக்கொண்டவர்கள் அன்றிரவே ஆபத்தில் விழுவார்கள்.

இந்த முதல் இரண்டு வாரங்களில் சாராயமும் தூக்க மாத்திரையும் ஆகவே ஆகாது. அல்பிரசோலம், நைட்ரசிபாம், டயசிபாம் என்று கைக்குக் கிடைப்பதெல்லாம் மூச்சை இன்னும் அமுக்கும். தனித்தனியாகக் கொல்லாத மூன்று பொருள்கள் சேர்ந்து கொன்றுவிடும்.

நால்ட்ரெக்ஸோன் எடுப்பவர்கள்

இது ஓபியாய்டு அல்ல, தடுப்பு மட்டும். விட்டால் உடம்பு முறுக்காது. அதனாலேயே விடுவது எளிது, விட்டதே தெரியாமல் போவதும் எளிது. ஆனால் மாதக்கணக்கில் இதில் இருந்தவரின் தாங்குதிறன் அறவே இறங்கியிருக்கும். தடுப்பு விலகிய பின் பழைய அளவை எடுத்தால் மூச்சு நிற்க வாய்ப்பு மிக அதிகம்.

திரும்பத் தொடங்கும்போது, இடையில் எதுவும் எடுக்கவில்லை என்றால் மாத்திரையைத் தொடரலாம். எடுத்திருந்தால் ஏழு முதல் பத்து நாள் முழுதும் ஓபியாய்டு இல்லாமல் இருந்து, சிறுநீர்ப் பரிசோதனை செய்த பிறகுதான். அதற்குமுன் போட்டால் வரும் முறுக்கு, புப்ரெனார்ஃபினில் வருவதைவிடக் கடுமையாகவும் நீண்டும் இருக்கும். அலமாரியில் மிச்சமிருக்கும் 50 மில்லிகிராம் மாத்திரையை, "இனிமே ஒழுங்கா இருடா" என்று அம்மா மகன் வாயில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும்படி ஆவது இப்படித்தான். வீட்டார் இதைத் தாமாகச் செய்யவே கூடாது.

மையத்துக்குத் திரும்பும் காலை

மருந்து விட்டுப்போன காரணங்களில் பெரும்பாலானவை சாதாரணமானவை. ஊரில் சாவு, வேலை நேரம் மாறியது, மழை, பேருந்துக்குக் காசில்லை, காய்ச்சல். முதல் நாள் காரணம் அதுதான். மூன்றாம் நாளிலிருந்து காரணம் வேறாகிவிடுகிறது. திட்டுவார்களே என்ற பயம். கவுன்ட்டரில் நாலு பேர் முன்னால், "வந்துட்டியா, எங்க சுத்திட்டு வர்றே?" என்று ஒரு வார்த்தை விழுமே என்ற கூச்சம். நான் மையங்களில் வேலை செய்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன்: திரும்பி வந்தவரிடம் முதல் வார்த்தையாக, "வாங்க, உட்காருங்க" என்று சொல்லுங்கள். கண்டிப்பு பிறகு இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தையை நினைத்துப் பயந்து மனிதர்கள் பத்து நாள் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பத்து நாளில் தாங்குதிறன் காத்திருக்காது.

நீங்கள் நோயாளியானால், போகும்போது சொல்லவேண்டியது கொஞ்சம்தான். கடைசியாக மருந்து எடுத்த தேதி. அதன்பின் எடுத்த மற்றவை, கடைசியாக எடுத்தது எத்தனை மணிக்கு, புகையாகவா ஊசியாகவா. குடித்திருந்தால் அது. தூக்க மாத்திரை எடுத்திருந்தால் அது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சிஸ்டர், திங்கட்கிழமை கடைசியா போட்டேன். வியாழக்கிழமை ஒருதடவை டேபென்டடால் ஊசி. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு இன்னொரு தடவை. குடிக்கல." இவ்வளவு போதும். மருத்துவர் மீதியைப் பார்த்துக்கொள்வார். "ஒண்ணும் எடுக்கல சார்" என்று சொல்லி அரை மணி நேரத்தில் தரையில் புரள்வதைவிட இது மேல்.

சொன்னால் போலீஸுக்குப் போகுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களைக் காக்கும் கடமையை மருத்துவர் மேல் வைத்திருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. தான் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் இருப்பவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்க அது வழிசெய்கிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்த விலக்கு பறிபோகலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. அப்படி வழக்கு உள்ளவர்கள், விட்டுப்போய்த் திரும்பிய தேதியைச் சீட்டில் பதியச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கர்ப்பிணிகள், காசநோய் மருந்து எடுப்பவர்கள்

கர்ப்பமாக இருப்பவர் ஒரு டோஸ் விட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தாயின் உடம்பு முறுக்கும்போது குழந்தைக்கும் அழுத்தம் ஏறுகிறது. "கர்ப்பத்துல இந்த மருந்தெல்லாம் எதுக்கு" என்று மாமியாரோ பக்கத்து வீட்டாரோ நிறுத்தச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. மருத்துவம் சொல்வது நேரெதிர்: தொடர வேண்டும்.

காசநோய் நம் ஊரில் அதிகம் என்பதால் இன்னொன்று. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து மெத்தடோனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும், புப்ரெனார்ஃபினையும் குறைக்கும். டோஸ் ஒன்றுகூட விடாதவருக்கு விட்டவர்போல முறுக்கு வந்தால் சந்தேகப்படவேண்டியது இதைத்தான். அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். காசநோய் மருந்தை நிறுத்தும்போது கணக்கு மறுபக்கம் சாயும், அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

வீட்டில் ஒருவர் எழுப்பியும் எழாவிட்டால்

கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். மூச்சு விட்டுவிட்டு வரும், அல்லது தொண்டையில் கரகரவென்று குறட்டைபோல ஒரு சத்தம். இந்தக் குறட்டையைக் கேட்டுவிட்டு "அசந்து தூங்குறான், தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போன வீடுகள் உண்டு. தோளை உலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எழாவிட்டால் 108ஐ அழையுங்கள். மூச்சு இல்லை என்றால் மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஊதுங்கள். மூச்சு வருகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும்.

நலாக்ஸோன் என்ற முறிவு மருந்து ஆம்புலன்ஸிலோ மருத்துவமனையிலோ கொடுக்கப்பட்டு அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் உடனே வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். மெத்தடோன் அதைவிட நெடுநேரம் உள்ளே இருக்கும். நலாக்ஸோனின் வேலை தீர்ந்ததும் மூச்சு மறுபடி மங்கலாம். புப்ரெனார்ஃபினோ மெத்தடோனோ நால்ட்ரெக்ஸோனோ விட்டவர் வீட்டில் இருந்தால், திரும்பித் தொடங்கி ஒரு வாரமாவது அவரைத் தனியறையில் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கவிடாதீர்கள்.

அடுத்த முறை விட்டுப்போகாமல்

கொரோனா ஊரடங்கின்போது 2020ல் இந்திய ஓ.எஸ்.டி. மையங்கள் பலவும் தினம் வரச் சொல்வதை விட்டுச் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பின. முடியவே முடியாது என்று அதுவரை சொல்லப்பட்ட விஷயம் அது. ஆகவே, புயலோ பண்டிகையோ வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் யாரும் வெளியே வரமுடியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்பது யாருக்கும் புதிதல்ல. அந்த மாதங்களுக்கு என்ன ஏற்பாடு என்று மையத்தில் புரட்டாசியிலேயே கேட்டுவைப்பது தவறில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்தைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டுள்ள டப்பாவில் வையுங்கள். பெரியவரைத் தூக்கி நிறுத்தும் ஒரு மாத்திரை, குழந்தை வாயில் போனால் மூச்சை நிறுத்திவிடும்.

வெளியூர் போகிறவர்கள் இந்த மருந்து தெருமுனைக் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். போகும் ஊரில் எந்த மையத்தில் தருவார்கள் என்று உங்கள் மையத்திலேயே கேட்டு, மாற்றல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, இரண்டும் கட்டணம் இல்லாதவை.

ஒரு சிறிய சீட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், தினசரி அளவு, கடைசியாக எடுத்த தேதி (பென்சிலால், அழித்து எழுத வசதியாக), மையத்தின் பெயர், தொலைபேசி எண், கூடவே எடுக்கும் மற்ற மருந்துகள். விபத்தில் அடிபட்டு வேறொரு மருத்துவமனையில் கிடந்தாலும், காவல் நிலையத்தில் உட்கார நேர்ந்தாலும், மயங்கிக் கிடந்தாலும் உங்களுக்காக அது பேசும். பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் செருகிவைத்தால் தொலையாது.